ஜெர்மனியில் பள்ளி, அவுஸ்பில்டுங்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜெர்மனியில் ஒரு தொழிற்பள்ளியில் செவிலியர் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, பள்ளி பற்றிக் கேளுங்கள். விசா மறுப்பு வழக்கெல்லாம் வக்கீலிடம் கேட்க வேண்டியது.

அக்கா, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அவுஸ்பில்டுங்குக்கு ஃபீஸ் எவ்வளவு?

நிறுவனத்தோடு சேர்ந்த பயிற்சி என்றால் ஃபீஸ் கிடையாது தம்பி, சம்பளம் உனக்குத்தான். ஒரு நிறுவனம் உன்னோடு ஒப்பந்தம் போடும், வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி, சில தொழில்களில் இது வாரக்கணக்கில் மாறி மாறி வரும். பெரும்பாலும் 2 முதல் 3½ வருடம். 2025-ல் தொடங்கியவர்களுக்கு முதல் வருடக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 682 யூரோ, அதிலும் பிடித்தம் உண்டு, மியூனிக் மாதிரி ஊரில் அது அறை வாடகைக்கே சரியாகிவிடும். செவிலியர் பயிற்சியில், பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளில் முதல் வருடமே 1,300 யூரோவைத் தாண்டும். தொழிலையும் ஊரையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடு.

ஏஜென்ட் 6 லட்சம் கேட்கிறார். ஒப்பந்தம் வாங்கித் தருவாராம்.

கொடுக்காதீர்கள். ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு முகமையின் இணையதளத்தில் பயிற்சி இடங்களை இலவசமாகப் பார்க்கலாம், நிறுவனத்துக்கு நீங்களே எழுதலாம். ஒப்பந்தம் கையில் இருந்தும் மொழி வராமல் வந்து இறங்கும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. ஷிப்ட் மாறும்போது எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், அது புரியாவிட்டால் ஆபத்து நோயாளிக்கு. செவிலியர் பயிற்சியில் முதல் 6 மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் முன்னறிவிப்பு இல்லாமலே நிறுத்திவிடலாம். அந்த 6 லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே நன்றாக ஜெர்மன் படித்துவிடலாம்.

ஜெர்மன் மொழியில் பி1 நிலை போதுமா?

விசாவுக்குப் பொதுவாகப் போதும். வகுப்பில் உட்கார அடுத்த நிலையான பி2 வேண்டும்.

அவுஸ்பில்டுங்குக்கு ஐஇஎல்டிஎஸ் எவ்வளவு?

தேவையில்லை. ஜெர்மன் படியுங்கள்.

டோர்ட்மண்டில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. ஜிம்னாசியம் வேண்டாம், ரியால்ஷூலே போதும் என்கிறார் டீச்சர். என்ன செய்வது?

மற்றவர்களுக்காக: நான்காம் வகுப்புக்குப் பிறகு இங்கே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள், ஜிம்னாசியம் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி, ரியால்ஷூலே பத்தாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளி. உங்கள் மாநிலத்தில் கடைசி முடிவு பெற்றோருடையது. ஆனால் டீச்சர் ஏன் அப்படிச் சொன்னார், கணக்கா மொழியா என்று உட்கார்ந்து பேசுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்ஷூலேயும் பாருங்கள், அங்கிருந்தும் அபிட்டூர் (பல்கலைக்கழகத்தில் சேர வேண்டிய பள்ளி இறுதித் தேர்வு) எழுதலாம்.

(இதற்கு இன்னொருவர்) பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது அநியாயம் இல்லையா? இதை எப்படி ஆதரிக்கிறீர்கள்?

ஆதரிக்கவில்லை. பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால்தான் நேராக ஜிம்னாசியம் (அங்கே 1 தான் முதல் மதிப்பெண்). வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு அந்த வயதில் அது எவ்வளவு பாரம்! பெர்லினில் பெரும்பாலும் ஆறாம் வகுப்பு வரை சேர்ந்தே படிக்கிறார்கள். ஹாம்பர்க்கும் அப்படி மாற்றப் பார்த்தது, 2010 ஜூலையில் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது.

(மீண்டும் வேறொருவர்) ஜிம்னாசியம் போகாவிட்டால் வாழ்க்கை போச்சு, அதைச் சொல்லுங்கள் அக்கா.

இல்லை, இதைத்தான் நம் பெற்றோர் விட மாட்டேன் என்கிறார்கள். ரியால்ஷூலே முடித்து, பயிற்சி முடித்து, மைஸ்டர் என்கிற உயர்நிலைத் தொழில் தேர்வு எழுதியவரின் தகுதி ஜெர்மன் தகுதிச் சட்டகத்தில் இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான 6-ம் நிலை. 2009-லிருந்து அவர் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். பிரிப்பது தவறு என்பதும் கதவு மூடவில்லை என்பதும் இரண்டுமே உண்மை. தயவுசெய்து பிள்ளை காதுபட "போச்சு" என்று பேசாதீர்கள்.

மாஸ்டர்ஸ் இலவசம்தானே?

எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இந்தியாவில் பட்டம் வாங்கியவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழும் (படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். மற்றதை அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் பாருங்கள், என் துறை இல்லை.

எங்கள் ஏஜென்ட் 4 லட்சம்தான் கேட்கிறார், கொடுக்கலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். வேண்டாம்.