ஹாஸ்கெல் படிக்கிறவர் யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் ஏழு வருடமாக ஜாவா எழுதுகிறேன். கொஞ்ச நாளாக ராத்திரியில் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியைப் படிக்கிறேன். லிஸ்ட், ரிகர்ஷன் வரை பிரச்சினை இல்லை. ஐஓ (இன்புட், அவுட்புட்), மோனாட் என்று வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஆன்லைனில் ஹாஸ்கெல்காரர்களிடம் கேட்டால் பதில் வருகிறது, ஆனால் அந்தப் பதில் புரிய இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தொடரலாமா? வேலைக்கு உதவுமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் அநேகமாக எல்லோரும் மாட்டுகிறார்கள். ஆனால் மோனாட் என்றால் என்ன என்று விளக்கும் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். ஜாவா 8-ல் (2014) வந்த ஆப்ஷனலில் ஃபிளாட்மேப் போட்டு எழுதியிருப்பீர்கள். மதிப்பு இருந்தால் அடுத்த வேலையைச் செய், இல்லாவிட்டால் அங்கேயே நில். ஹாஸ்கெல்லில் மேபி என்ற மோனாட் செய்வதும் அதேதான். பெயர்தான் பயமுறுத்துகிறது.

உங்களுக்கு இன்னும் கைவராதது டைப்பை, அதாவது ஒரு ஃபங்ஷன் எந்த வகை மதிப்பை வாங்கி எந்த வகையைத் தருகிறது என்பதை, வாசிக்கிற பழக்கம் என்று நினைக்கிறேன். ஹாஸ்கெல்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே டைப்பில்தான். அது பிடிபடாதவரை அவர்கள் சொல்லும் பதில் பாதிதான் காதில் விழும்.

ஒரு உதாரணம். கீபோர்டிலிருந்து ஒரு வரி வாங்கி, சொற்களாகப் பிரிக்க வேண்டும். வரி வாங்க கெட்லைன், பிரிக்க வேர்ட்ஸ். ஜாவா பழக்கத்தில் வேர்ட்ஸ், பக்கத்திலேயே கெட்லைன் என்று எழுதிவிடுவோம். கம்பைலர் கத்தும்: எதிர்பார்த்தது ஸ்ட்ரிங், கிடைத்தது ஐஓ ஸ்ட்ரிங் (ஓட்டினால்தான் ஸ்ட்ரிங் தருகிற ஒரு செயல்). இதை அப்படியே கொண்டுபோய்க் கேட்டால் ‘எஃப்மேப் போடுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் வரும். போட்டால் ஓடும். ஏன் ஓடியது என்று தெரியாததால் அடுத்த வாரம் வேறு இடத்தில் மறுபடி முட்டுவீர்கள்.

அதனால் மனிதர்களைக் கேட்பதற்கு முன்னால் கம்பைலரைக் கேளுங்கள். முதலில் ஃபங்ஷனின் டைப்பை எழுதுங்கள்: முடிவில் ஐஓவுக்குள் ஒரு ஸ்ட்ரிங் லிஸ்ட் வேண்டும். அப்புறம், தெரியாத இடத்தில் ஓர் அண்டர்ஸ்கோர் வைத்து, அதன் பின்னால் வேர்ட்ஸ், கெட்லைன் இரண்டையும் எழுதி கம்பைல் செய்யுங்கள். அந்தக் காலி இடத்துக்கு என்ன டைப் வேண்டும் என்று ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி சொல்லிவிடும். ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங் லிஸ்ட்டாக்கும் ஃபங்ஷன் ஒன்று, ஐஓ ஸ்ட்ரிங் ஒன்று, இரண்டையும் வாங்கி ஐஓவுக்குள் ஸ்ட்ரிங் லிஸ்ட் தருகிற ஏதோ ஒன்று. கீழேயே, பொருந்தக்கூடியவை என்று ஒரு பட்டியலும் போடும். அதில் எஃப்மேப் இருக்கும்; ஐஓவுக்குள் இருக்கும் மதிப்பின் மேல் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவதுதான் இங்கே அதன் வேலை. இதை டைப்ட் ஹோல் என்பார்கள். ஆரம்பத்தில் இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். ஹூகிள் என்ற தேடுபொறியும் இதே வகை. ஃபங்ஷனின் பெயர் தெரியாவிட்டாலும் டைப்பைப் போட்டுத் தேடலாம்.

அப்படியும் புரியவில்லையா, சரி, இப்போது கேளுங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், எழுதிய டைப், தானாகவே கம்பைல் ஆகக்கூடிய அளவுக்குச் சுருக்கிய கோட், முழு எரர் மெசேஜ், ஜிஹெச்சி பதிப்பு எண். எல்லாவற்றையும் டெக்ஸ்ட்டாகவே கொடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை யாரும் காப்பி செய்து ஓட்டிப் பார்க்க முடியாது. ‘கோட் ஓடவில்லை’ என்று மட்டும் சொல்வது, டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. கூடவே ஒரு வரி சேருங்கள்: ‘எஃப்மேப்பின் டைப்பை நான் இப்படி வாசிக்கிறேன், சரியா?’ இந்த ஒரு வரி இருந்தால் பதில் சொல்பவர் உங்கள் குழப்பம் எங்கே என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பிப்பார். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கோடும் டைப்பும் தெளிவாக இருந்தால் போதும். கூச்சமும் தானாகக் குறையும்.

முதல் இரண்டு பதில்கள் பெரும்பாலும் உங்களுக்கானவை. அதற்குப் பிறகு இரண்டு சீனியர்கள் பாயின்ட் ஃப்ரீ, லென்ஸ், கேட்டகரி தியரி என்று தங்களுக்குள் இறங்கிவிடுவார்கள். கேட்டது நீங்கள் என்பதே மறந்துபோயிருக்கும். ஒதுங்கி நின்று வேடிக்கை பாருங்கள், பதற வேண்டாம்.

நேரமும் பாருங்கள். பதில் சொல்பவர்களில் நிறையப் பேர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஜனவரியில் நமக்கு இரவு 8 மணி என்றால் பெர்லினில் பிற்பகல் 3.30, நியூயார்க்கில் காலை 9.30. காலை 9 மணிக்கு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டால் பெர்லினில் விடிந்தே இருக்காது.

எல்லாவற்றையும் வெளிநாட்டிலேயே தேட வேண்டியதில்லை. உங்கள் ஓஎம்ஆரிலேயே, தெற்கே சிறுசேரியில், சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் எடுத்த ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இலவச வீடியோவாகக் கிடைக்கிறது. லிஸ்ட் பாடங்களை வேகம் கூட்டி ஓட்டிவிட்டு மற்றவற்றை நிதானமாகப் பாருங்கள்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெல்லுக்கென்றே சென்னையில் வேலை கிடைப்பது அரிது. பெங்களூரின் ஜஸ்பே மாதிரி அதை நம்பி இயங்கும் கம்பெனிகள் கொஞ்சம்தான். டேட்டா இன்ஜினியரிங் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அடுத்து ஸ்காலா மொழியைத் தொடுங்கள், பெரிய டேட்டாவைக் கையாளும் ஸ்பார்க் அதில்தான் எழுதப்பட்டது. ஜாவாவிலேயே இருப்பதென்றாலும் படித்தது வீணாகாது. ஜாவா 21-ல் (2023) ரெக்கார்ட், சீல்டு இன்டர்ஃபேஸ் இரண்டையும் ஸ்விட்ச்சில் பேட்டர்னாகப் பிரித்து எழுத முடிகிறது. ஹாஸ்கெல்லில் டேட்டா டைப்பும் கேஸும் எழுதிப் பழகியவருக்கு இது புதிதாகவே தெரியாது. உங்கள் டீம் இன்னும் ஜாவா 8-லேயே ஓடிக்கொண்டிருந்தால், இப்போதைக்கு ‘நல்’ (null) திருப்பித் தருகிற மெத்தடுகளை ஆப்ஷனலுக்கு மாற்றுவதில் ஆரம்பியுங்கள். கோட் ரெவ்யூவில் அதற்கு அவ்வளவாக எதிர்ப்பு வராது.