முழங்கை ஆபரேஷனுக்கு ஸ்டீராய்டு: சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்

அண்ணா, சாட்ஸ்வர்த் வீட்டுப் படியில் விழுந்து முழங்கை உடைந்த அம்மாவுக்கு, மூட்டு இறுகாமலிருக்க ஆபரேஷனின்போது ஸ்டீராய்டு ஊசியும் அப்புறம் சில நாள் மாத்திரையும் என்று டாக்டர் சொன்னதற்குப் பயப்படுகிறீர்கள். ஜிம் பையன்கள் போடும் சமாச்சாரம் இல்லை இது, வீக்கத்தைக் குறைக்கத் தருவது. சில ஆய்வுகளில் கை கூடுதலாக மடங்கி நீண்டிருக்கிறது, ஆனாலும் எல்லா டாக்டரும் தருவதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டென்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும், புண் ஆறவும் தாமதமாகலாம். மாத்திரையை நம்பிக் கையை ஸ்லிங்கிலேயே வைத்திருந்தால் இறுகத்தான் செய்யும். பிசியோ சொன்னதும் அம்மாவே மெல்ல அசைக்கட்டும். கை நேராக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்தால், முழங்கை 30 முதல் 130 டிகிரி வரை மடங்கி நீள வந்தால் சோறு பிசைந்து சாப்பிட, அன்றாட வேலை பார்க்கப் பெரும்பாலும் போதும். எண்ணெய் தேய்த்துப் பலவந்தமாக இழுத்துவிட வரும் உறவுக்காரர்களை மட்டும் கிட்டே விடாதீர்கள்.