இன்ஜின் டிரைவர் கனவும் இரண்டு இஞ்ச் தையலும்

கேள்வி: பணம், வயசு, குடும்பம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம், இது எதுவுமே தடையில்லை என்றால் மறுபடி உட்கார்ந்து படித்து எந்த வேலைக்குப் போவீர்கள்? எனக்கு இன்ஜின் டிரைவர் ஆகணும். 41 வயசாகிறது, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், காட்பாடி பிளாட்பாரத்தில் வண்டி உள்ளே வரும்போது இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சொன்னால் மனைவி சிரிக்கிறாள். (வீட்டில் மிக்ஸி, ஃபேன் கெட்டால் கழற்றி மாட்டுவது அவள்தான், எனக்கு ஃபியூஸ் போடக்கூட வராது, அது வேறு விஷயம்.) மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: மழுப்பவில்லை. நீங்கள் இன்ஜின் டிரைவர் ஆக முடியாது. முதலில் உதவி லோகோ பைலட்டாகத்தான் (டிரைவருக்கு உதவியாளர்) உள்ளே போக முடியும், அதற்கான வயது வரம்பு முப்பதை ஒட்டியது, இடஒதுக்கீட்டுச் சலுகையைக் கூட்டினாலும் உங்கள் 41-ஐத் தொடாது. கண்ணாடி போடாமல் 6/6 பார்வை வேண்டும். இருபது வருஷமாகக் கணக்கு நோட்டையும் கம்ப்யூட்டரையும் பார்த்த கண்ணுக்கு அது இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ரயில் மேல் உள்ள ஆசையை நான் கிண்டல் செய்யவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது நம்ம வாலாஜா ரோட்டில்தான், ஆகவே வடஆற்காட்டுக்காரனுக்கு இந்தப் பித்து இருப்பதில் அதிசயமில்லை. ஆனால் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிற ரயில் வேறு, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ரயில் வேறு. ராத்திரி இரண்டரை மணிக்கு, வரிசையாக வரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஓட்டுநரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு நிமிஷம் கை எதையும் தொடாமல் இருந்தால் முன்னால் விளக்கு எரியும், அதையும் கவனிக்காவிட்டால் பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். விழித்திருக்கிறாயா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷின் கேட்கிற வேலை அது. இதையெல்லாம் நினைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, இல்லை, வண்டி உள்ளே வரும்போது மட்டும்தானா?

கனவு வேலை பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வகைதான். ஏலகிரியில் ஹோம்ஸ்டே வைக்கணும். பேக்கரி போடணும். ஐ.டி. வேலையை விட்டு இயற்கை விவசாயம் பண்ணணும் (பாலாறு வறண்டு கிடக்கிற கதை தெரிந்தும், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஒருத்தர்கூட எழுதியதில்லை). அப்புறம் டாக்டர். வேலூரில் பிறந்தவனுக்கு அந்த ஆசை கூடவே பிறக்கிறது.

டாக்டர் ஆசைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீட் தேர்வுக்கு இப்போது உச்ச வயது வரம்பு கிடையாது. 2020-ல் ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் 64 வயதில் தேர்வு எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தார், நாடே கைதட்டியது. அடுத்த கலந்தாய்வில் நம் பக்கத்து தர்மபுரியில் 61 வயது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டு, மகன் எடுத்துச் சொன்னதும் சின்னப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். நான் அந்த மகன் பக்கம். தடை எதுவும் இல்லை என்றால் என்று கேட்கும்போது, நாம் உட்காரப் போகும் நாற்காலிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளை நம் கண்ணிலேயே படுவதில்லை.

அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்தவர், மகளிர் மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாமல் போனது. அங்கே அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் பால் பிராண்ட் அவரைத் தொழுநோயாளிகளின் மடங்கிப் போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார், அது உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை, இவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். அதற்குப் பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பு. தடையில்லாமல் இருந்திருந்தால் நல்ல பிரசவ டாக்டராக இருந்திருப்பார். எல்லாமே தடையான பிறகுதான், இருக்கிற இரண்டு கையால் என்ன செய்யலாம் என்ற கேள்வி வந்தது.

என் கதைக்கு வருகிறேன், கேட்டுவிட்டீர்கள். எனக்குச் செயற்கைக் கால் செய்யப் படிக்கணும். சில வருஷம் முன்பு பள்ளிகொண்டா பக்கம் பைக் விபத்தில் ஒரு காலை இழந்த நண்பனோடு செயற்கைக் கால் பட்டறைக்குத் துணை போனேன், அங்கே பிடித்தது இந்தக் கிறுக்கு. அங்கிருந்தவர் வெட்டுப்பட்ட காலில் துணி உறையை மாட்டி, எலும்பு துருத்துகிற இடத்தையெல்லாம் விரலால் தேடித் தேடி பென்சிலால் வட்டம் போட்டார், அதன்மேல் ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றினார். காய்ந்து கழற்றியதும் பென்சில் வட்டங்கள் அப்படியே உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அந்தக் கூட்டுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி எடுத்த அச்சை அரத்தால் ராவினார், வட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்காமல், கொஞ்சம் மாவு கூடவே பூசினார், எலும்பு அழுந்தக் கூடாதாம். கடைசியில் நண்பனை நடக்கவிட்டு, அவர் கால் பக்கம் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்தார். "இடது தோள் எறங்குது சார், உயரம் கொஞ்சம் கூட்டணும்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஏன் போகவில்லை? நாலரை வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்திருக்க வேண்டும், நான் காமர்ஸ். இது நான் வெளியில் சொல்லும் காரணம். உண்மையில், திங்கட்கிழமை காலை யாரும் என்னைக் கேள்வி கேட்காத இந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நீங்கள் கேட்ட பட்டியலில் இந்தத் தடை இல்லை பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் நீங்கள் உட்காரும் அறைக்கு வெளியே அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, இந்தக் கேள்வியை அவர்களில் யாரிடமாவது கேட்டதுண்டா? உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் கேட்டேன். விடிவதற்குள் சோறாக்கிவிட்டுக் கம்பெனி பஸ் பிடிக்கிறவர். நர்ஸ், டீச்சர் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "ஒம்போது வருஷமா குதிகாலாண்ட இந்த ரெண்டு இஞ்ச்தான் தம்பி ஓட்டிக்கினு இருக்கேன். வெட்டுறதுலருந்து சோல் ஒட்டுற வரைக்கும் முழுசா ஒரு ஷூ நானே செய்யணும். அதை யாராச்சும் சொல்லித் தருவாங்களா?" என்றார்.

சொல்லித் தருகிறார்கள். கிண்டியில் மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் இவர் கிண்டிக்குப் போனால் இங்கே மாமியாருக்கு வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? அவருக்குத் தடை அந்த ஒன்றுதான், அதையும் அவர் தடை என்று சொல்லவில்லை. "வூட்டுல ஆள் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இனி உங்களுக்கு. ரயில்வே கதவு மூடிவிட்டது. எஞ்சியது அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்), அதிலும் ஆண்களுக்கு 40 வயது வரைதான், ஒரு வருஷத்தில் கோட்டை விட்டீர்கள். பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பே இல்லை. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருஷம், பத்தாவது முடித்திருந்தால் போதும். மிக்ஸி கழற்றுகிறவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் சேருவதாகச் சொன்னால் அந்த இரண்டு வருஷம் காலைச் சமையல் உங்களுடையது, அதற்கு வயது வரம்பு இல்லை, கண்ணாடியும் போட்டுக்கொள்ளலாம்.