தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருந்தால் விமானி விமானம் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் சிகிச்சை எடுத்து, அது பலன் தருகிறது என்று காட்ட வேண்டும்.

தூக்கத்தில் மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. நனைந்து தொய்ந்த காகித உறிஞ்சுகுழலில் பழச்சாறு இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கக் குழல் ஒட்டிக்கொள்ளும். தூங்கும்போது தளர்ந்த தொண்டையும் அப்படித்தான். ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும். மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது. இந்த விழிப்புகள் காலையில் நினைவிருக்காது. அதனால்தான் 8 மணி நேரம் படுத்தவருக்கும் பகலில் கண் சொருகுகிறது.

2008 பிப்ரவரியில் ஹவாயில் இரு விமானிகளும் உறங்கிப்போய், விமானம் இறங்க வேண்டிய ஹீலோ நகரைத் தாண்டிக் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது. கேப்டனுக்குக் கடுமையான ஆப்னியா இருப்பது பிறகுதான் தெரிந்தது.

முக்கியச் சிகிச்சை, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, 75 சதவீத இரவுகளிலாவது, சராசரி 6 மணி நேரம் போட்டதற்குக் கருவியின் பதிவையே கேட்கிறது. முகமூடி ஓரத்தில் காற்று கசிந்தால் பலர் நள்ளிரவில் கழற்றிவிடுகிறார்கள். பொருத்தமான அளவுக்கு மாற்றிப் பாருங்கள்.

பருமனானவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பது தவறு. தாடை சிறுத்த ஒல்லியானவருக்கும் வரும்.