எடை போட்டீர்களா? பொம்மை லாரி சஸ்பென்ஷன் கேள்வி பதில்

லெகோ டெக்னிக் துண்டுகளில் மோட்டார் வைத்து லாரி கட்டுகிறவர்களுக்கு இன்று மாலை முழுக்க நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சஸ்பென்ஷன் பற்றி மட்டும் கேளுங்கள். அதற்கு முன் சமையலறைத் தராசில் லாரியை ஒருமுறை நிறுத்திவிட்டு வாருங்கள், பாதிப் பேருக்கு என் பதிலே தேவைப்படாது.

பெரம்பூர்: அண்ணா, பின்பக்கம் நான்கு மஞ்சள் ஸ்பிரிங் ஷாக் போட்டேன். லாரி துளிகூட அமுங்கவில்லை. எங்கே தப்பு?

தம்பி, எடை எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே. 6.5 துளை நீள ஷாக்கில் மஞ்சள் ஸ்பிரிங்தான் கெட்டி ரகம். ஒரு கிலோ லாரிக்கு அதில் நான்கு என்றால் கட்டையை வைத்த மாதிரிதான் இருக்கும். லாரி சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்கவும் மேட்டில் மேலே ஏறவும் இடம் இருக்கும். இரண்டைக் கழற்றுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மென்மையான ரகத்துக்கு மாறுங்கள்.

மடிப்பாக்கம்: வேகமாகக் கிளப்பினால் லாரி ஒரு பக்கம் சாய்கிறது, பின் அச்சு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் சுழலும் தண்டுகளை மடங்கும்படி இணைக்கிற யூ ஜாயின்ட்டும் உடைந்துவிட்டது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போடலாமா?

வேண்டாம். இன்று வந்ததில் இதுதான் நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஸ்பிரிங்தான் சஸ்பென்ஷன் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பது வேறு வேலை. லாரியின் பின் அச்சு மேலும் கீழும் போகலாம், ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழலாம். முன்பின் நகர்வது, பக்கவாட்டில் நகர்வது, தன்னைத்தானே முறுக்கிக்கொள்வது, கோணலாகத் திரும்புவது, இந்த நான்கும் கூடாது. நான்கு அசைவைத் தடுக்க நான்கு கம்பி: கீழே இரண்டு நேராக, மேலே இரண்டு ஏ எழுத்து மாதிரி சாய்வாக. நம் ஊர் வில் வண்டியிலிருந்து லாரி வரைக்கும் அடுக்கி வளைத்த எஃகுப் பட்டைதான் எடையையும் தாங்கி அச்சையும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பட்டையை எடுத்துவிட்டு சுருள் ஸ்பிரிங் போட்டால் பிடிக்கிற வேலையைக் கம்பிகளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

சாய்வதற்குக் காரணம் வேறு. மோட்டார் சேஸில், அதாவது லாரியின் சட்டத்தில், இருக்கிறது, சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் நீளவாக்கில் ஓடுகிறது, அது அச்சை ஒரு பக்கம் திருகும்போது சேஸ் எதிர்ப்பக்கம் திருகும். மருந்து என்னவென்றால் ஷாஃப்ட் வேகமாகவும் இலேசாகவும் சுற்றட்டும், வேகத்தைக் குறைப்பதைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுற்றினால் ஷாஃப்டில் வரும் முறுக்கு மூன்றில் ஒன்றாகிவிடும், ஜாயின்ட்டும் பிழைக்கும். யூனிமாக் என்ற கரடுமுரடுப் பாதை லாரியின் போர்ட்டல் அச்சில், அதாவது சக்கரத்தின் பக்கத்திலேயே பல் சக்கரம் வைத்த அச்சில், நடப்பது இதுதான். 2011-ல் வந்த 8110 யூனிமாக் லெகோ செட்டைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம், இரண்டு ஜாயின்ட் போட்டால் ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து இழுத்து ஓடும்.

குரோம்பேட்டை: எந்த மோட்டார் நல்லது?

லாரியின் எடையைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

திருவான்மியூர்: மெரினா மணலில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு பல் சக்கரத்துக்குள் மணல் அரைபடும் சத்தம்தான் கேட்கும்.

வேளச்சேரி: என் லாரியில் மஞ்சள் ஸ்பிரிங் போட்டும் அசையவில்லை...

பெரம்பூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். எடை.

மணலி: சார், தப்பாக நினைக்காதீர்கள். என் அப்பா எண்ணூர் துறைமுகத்துக்கு இருபது வருடம் டிரெய்லர் ஓட்டியவர். நீங்கள் சொல்கிற மாதிரி லாரி மெத்தென்று அமுங்காது. காலி வண்டி ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும், கேபினில் டீ கிளாஸ் நிற்காது. அசையாத லாரிதான் அசல்.

அசையாததும் குதிப்பதும் ஒன்றா? குதிக்கிற வண்டியில் ஸ்பிரிங் இருக்கிறது, எடைக்கு மிஞ்சின ஸ்பிரிங். பெரம்பூர் தம்பியின் லாரி மேட்டில் ஏறினால் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும்.

மணலி: சரி, ஆனால் உங்கள் லாரி படகு மாதிரி ஆடுகிறதே. பட்டை வண்டி இப்படி ஆடாது.

இதை ஒத்துக்கொள்கிறேன். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும். நம் பொம்மை ஷாக்கில் எண்ணெயும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெறும் ஸ்பிரிங். புதுப்பேட்டை பக்கம் சில போர்டுகளில் "ஷாக் அப்சர்வர்" என்று எழுதியிருக்கும், இந்தத் துண்டுக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம், வேடிக்கை மட்டும் பார்க்கும்.

அம்பத்தூர்: நடுவில் வருகிறேன். லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மெல்லிய ஸ்டீல் தகடு வெட்டி அசல் பட்டையே போட்டுவிடலாமே?

போடலாம் அண்ணே, அருமையாக ஓடும். ஆனால் துண்டுகளிலேயே கட்ட வேண்டும் என்பதுதானே இங்கே விளையாட்டு?

மணலி: அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். லோடு லாரியில் பெரிய பட்டைக் கட்டுக்கு மேலே சின்னதாக ஹெல்ப்பர் பட்டை இருக்குமாம், காலியாக இருக்கும்போது அது எதையும் தொடாதாம். அதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்கச் சொல்கிறார்.

அப்பாவுக்கு என் வணக்கம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. செய்யலாம். மென்மையான ஷாக் இரண்டை எப்போதும் போல அச்சில் மாட்டுங்கள். மஞ்சள் ஷாக் இரண்டை மேல்முனையில் சேஸோடு பொருத்தி, கீழ்முனை முன்பின் ஆடாமல் ஒரு வழி செய்து, அச்சுக்கு மேலே அரைத் துளை, அதாவது 4 மில்லிமீட்டர், இடைவெளி விடுங்கள். காலி வண்டி மென்மையில் நிற்கும், லோடு ஏறினால் மஞ்சள் வந்து தாங்கும். என் லாரி 1,850 கிராம், அதில் இன்று இரவே முயன்று பார்க்கிறேன்.

கொளத்தூர்: ஷாக்குக்குப் பதில் ரப்பர் பேண்ட்?

அக்னி நட்சத்திரம் வரைக்கும் தாங்கும்.

ஆவடி: ராணுவ டாட்ரா லாரி மாதிரி செய்ய முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த வேலை. 1923-ல் வந்த டாட்ரா 11 காரிலேயே நடுவில் ஒரு குழாய்தான் முதுகெலும்பு, இருபுறமும் அரை அச்சுகள் இறக்கை மாதிரி ஆடும். அரை அச்சு ஆடுவது குழாய்க்குள் ஓடும் ஷாஃப்டைச் சுற்றித்தான். அதனால் கோணப் பல் சக்கரம் கடித்தபடியே உருண்டு கொடுக்கும், ஜாயின்ட்டே வேண்டாம். நடு ஷாஃப்டில் இரண்டு சிறிய பல் சக்கரம், பக்கத்துக்கு ஒன்று, கொஞ்சம் முன்பின் தள்ளி. காலியாக நின்றால் சக்கரங்கள் உள்ளே மடங்கின மாதிரி தெரியும், பயப்படாதீர்கள், அசலும் அப்படித்தான் நிற்கும்.

நங்கநல்லூர்: பல் சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் விட்டால் வீட்டுத் தூசியெல்லாம் அங்கே போய் ஒட்டும்.

வில்லிவாக்கம்: மஞ்சள் ஸ்பிரிங்...

இல்லை. மேலே இரண்டு இடத்தில் இருக்கிறது.

மணலி: சார், நீங்கள் சொன்ன மாதிரியே ஹெல்ப்பர் வைத்துவிட்டேன். பின்னால் அரிசிப் பை ஏற்றினோம், மஞ்சள் ஸ்பிரிங் வந்து உட்கார்ந்தது. அப்பா விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "ஓவர்லோடு" என்கிறார்.

எத்தனை கிராம் ஏற்றினீர்கள்?

மணலி: எடை போடவில்லை சார்.