ஸ்ட்யோர்டால் புகை ஏல்: சுவைப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஸ்டவுட் என்ற கரிய பீர் குடித்துப் பழகியவன் நான். நார்வேயில் ஸ்ட்யோர்டால் பக்கம் ஒரு பண்ணையில் வாங்கிய ஏல் (ஒரு பீர் வகை) கையில் இருக்கிறது. நிறம் கருமைதான், ஆனால் காபி, சாக்லேட் சுவை எதுவும் தெரியவில்லையே?

பதில்: அந்தச் சுவை இதில் இருக்காது. ஸ்டவுட்டின் கருமை வறுத்த பார்லியால் வருவது. இங்கே வறுப்பதே இல்லை. முளைகட்டிய பார்லியைத் துளையிட்ட பலகைகள் மேல் பரப்பி, அடியில் ஆல்டர் மர விறகை எரித்து உலர்த்துகிறார்கள்; உலர்ந்த அந்த மணிதான் மால்ட். சூடு எல்லா மணிக்கும் ஒரே சீராகப் போய்ச் சேராது. சில மணி வெளிறி நிற்கும், சில பழுப்பேறும், எல்லாவற்றிலும் புகை ஏறும். கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், செம்பழுப்பு தெரியும். ரொட்டியின் மேலோடு, சீனிப்பாகு, விறகுப் புகை, கடைசியில் லேசான சாம்பல் துவர்ப்பு: தேட வேண்டியவை இவை.

கேள்வி: எந்தச் சூட்டில், எந்தக் கிளாஸில் ஊற்ற வேண்டும்?

பதில்: 10 முதல் 12 டிகிரி செல்சியஸ். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஊற்றினால் மால்ட்டின் இனிப்பு அடங்கி, சாம்பல் துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். இந்த ஏலைப் பலர் வெறுப்பது இந்த ஒரு தவறால்தான். பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கிய பிறகு திறக்கலாம். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் போதும். அதில் 100 முதல் 150 மில்லி ஊற்றி, சுழற்றுவதற்கு முன் ஒரு முறையும் சுழற்றிய பின் ஒரு முறையும் முகருங்கள். முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புகைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். மூன்றாவது, நான்காவது மிடறில்தான் மால்ட் வெளியே வரும். பல ஏல்களை வரிசையாகச் சுவைப்பதானால் புகை ஏலைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் பாம்பெர்க் புகை பீரும் இதுவும் ஒன்றா?

பதில்: வழி ஒன்று, விறகு வேறு. பாம்பெர்க்கில் பீச் மரம். அதன் வாசம் புகையிட்ட பன்றி இறைச்சிப் பக்கம் சாயும். மேலும் அங்கே பெரும்பாலும் லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர். ஸ்ட்யோர்டால் ஏலில் ஆல்டர் புகையோடு மால்ட்டின் இனிப்பும் கனமும் கூடுதல். மருந்துக்கடை வாடை அடித்தால் புகை மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள், அந்நிய ஈஸ்ட் புகுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: நுரை நிற்கவில்லை, குமிழியும் குறைவு. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. பண்ணை ஏலில் வாயு குறைவாக இருப்பது இயல்பு. மெல்லிய தயிர்ப் புளிப்பும் குற்றமில்லை. காடி (வினிகர்) நெடி மூக்கைக் குத்தினால் காற்றுப் பட்டு அசிட்டிக் அமிலம் உண்டாகியிருக்கிறது என்று பொருள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் ஆக்சிஜனேற்றம். திறந்ததும் பொங்கி வழிந்தால், நொதித்து முடியும் முன் அடைத்திருக்கலாம், அல்லது கிருமி புகுந்திருக்கலாம். இந்த மூன்றும் குற்றம்தான்.

கேள்வி: மேற்கு நார்வேயின் வோஸ் பகுதி ஏலும் கருஞ்சிவப்பாக இருக்கிறதே, அதுவும் புகை மால்ட்டா?

பதில்: அங்கே நிறம் கொப்பரையில் பிறக்கிறது. வெளிர் மால்ட்டையே எடுத்து, ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகள் ஊறிய வெந்நீரில் சாறு இறக்கி, மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். வற்ற வற்றச் சிவக்கும், சீனிப்பாகுச் சுவையும் ஏறும். பரம்பரையாகக் காத்துவரும் 'க்வெய்க்' ஈஸ்ட்டை 39 டிகிரியை ஒட்டிய சூட்டில் போடுவார்கள். மற்ற ஏல் ஈஸ்ட் பலவும் அந்தச் சூட்டில் கரைப்பான் நெடி அடிக்கும். க்வெய்க்கோ ஆரஞ்சுத் தோல் வாசம் தரும். ஸ்ட்யோர்டாலிலோ பழைய ஈஸ்ட் அழிந்து, ரொட்டி ஈஸ்ட் பரவலாக வந்துவிட்டது. அதனால் அங்கே ஆரஞ்சைத் தேட வேண்டாம், மால்ட்டையே கவனியுங்கள்.

கேள்வி: இதை எங்கே வாங்கலாம்?

பதில்: நார்வேயில் மளிகைக் கடைகள் 4.7 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீரை மட்டுமே விற்கலாம். அதற்கு மேற்பட்டது அரசின் வின்மோனோபோலே கடைகளில் கிடைக்கும். 2016 முதல் சிறு தயாரிப்பாளர்கள் உரிமம் பெற்றுத் தங்கள் இடத்திலேயே விற்கவும் வழியுண்டு. பண்ணைக்குக் காரில் போகிறவர்கள் கவனிக்க: அங்கே ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு வரம்பு 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு). வண்டி ஓட்டுபவர் சுவைக்காமல் பாட்டிலை வாங்கிக்கொண்டு வருவதே சரி.

கேள்வி: என்ன சாப்பாட்டோடு குடிக்கலாம்?

பதில்: உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா, புகையிட்ட மீன், பழுப்புப் பாலாடைக்கட்டி. உப்பு சாம்பல் துவர்ப்பைத் தணிக்கும். காரம் மிகுந்த உணவு வேண்டாம், புகையும் காரமும் சேர்ந்தால் தொண்டை காந்தும்.