மயக்க வாயு எடுத்த அன்றே ஸ்கூட்டர் ஓட்டலாமா?
காலையில் மயக்க வாயு கொடுத்து ஒரு சின்ன ஒபரேஷன், பின்னேரம் வெள்ளவத்தைக்கு ஸ்கூட்டரில் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். செவோஃபுளுரேன் போன்ற வாயு பெரும்பாலும் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும், சில நிமிடங்களில் கண் திறந்து கதைக்கவும் தொடங்கிவிடுவீர்கள், ஆனால் கவனம், புதிதாகக் கேட்டதை நினைவில் வைப்பது, சட்டென்று பிரேக் பிடிக்கிற வேகம் எல்லாம் பிந்தித்தான் திரும்பும்; கூடவே தருகிற வலி மருந்தும் மந்தமாக்கும். என் தங்கச்சி விழித்ததும் தெளிவாகக் கதைத்தாள், தேத்தண்ணி கேட்டாள். பின்னேரம் அதில் ஒரு சொல்கூட அவளுக்கு ஞாபகமில்லை. அதனால்தான் 24 மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டவோ முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது என்கிறார்கள். பல் வைத்தியர் ஒக்சிசனோடு தருகிற நைட்ரஸ் ஒக்சைட் மட்டும் என்றால் சரி, நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். உங்களுடையது அது இல்லை. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், திரும்பும்போது ஓட்டோ பிடியுங்கள்.